14 பேருக்கு 8 பாட்டில்: ஷெர்ரி இனிப்பு ஒயினும் நான் பட்ட பாடும்

இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன், அந்த ராத்திரிய நெனச்சாலே இன்னும் வயித்தப் பிசையும். நான் ஸ்பெயின்ல செவியாவுல (நம்ம ஊர்ல செவில்னு சொல்லுவாங்க) ஒரு லேப்ல கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறேன், தனியாத்தான் இருக்கேன். போன வருஷம் ஜூன் கடைசில எங்க ப்ரொஃபசர் ரிட்டயர் ஆனார். நான் இங்க வந்து எறங்குன நாள்லருந்து என்னை ஒரு மக மாதிரி பாத்துக்கிட்ட மனுஷன், வீடு கெடைக்காம அலைஞ்சப்போ அவர் வீட்டுல ரெண்டு வாரம் தங்க வச்சவர். அவருக்கு நான் ஒரு விருந்து வைக்கணும்னு ஆசப்பட்டேன். அவரோட சொந்த ஊர் ஹெரெஸ். அந்த ஊர் பேர்தான் இங்கிலீஷ்காரங்க வாயில போயி, அங்க செய்யற ஒயினுக்கு ஷெர்ரின்னு பேரா ஆச்சு. அதனால சாப்பாடு நம்ம ஊரு சாப்பாடு, ஒயின் அவர் ஊரு ஒயின், அதுலயும் பெருமைக்குரிய இனிப்பு ஒயினான பெட்ரோ ஹிமேனெஸ்னு முடிவு பண்ணேன். இங்க எல்லாரும் அத சுருக்கி பே எக்கிஸ்னு (PXங்கிற ரெண்டு எழுத்து ஸ்பானிஷ்ல) தான் சொல்லுவாங்க. எனக்கு குடிக்கிற பழக்கம் கிடையாது, எங்க வீட்டுல இதப் பத்தி வாய் தொறக்கவே முடியாது, அதனால கேக்கவும் ஆள் இல்ல. லேப்ல கேட்டா சர்ப்ரைஸ் போயிடும்னு அவங்ககிட்டயும் கேக்கல. அதுதான் மொத தப்பு.

ஒயின் கடைக்குப் போயி பதினாலு பேரு, இனிப்பு ஷெர்ரி வேணும், நல்லதா வேணும்னு சொன்னேன். கடைக்காரர் பதினாலு பேருக்கு ஆளுக்கு அரை பாட்டில்னு கணக்கு போட்டு ஏழு எட்டு பாட்டில் எடுத்துக்கோங்கன்னார். நானும் சரின்னு தலையாட்டுனேன். சாதா பே எக்கிஸ் 750 மில்லி நாலு, ஒண்ணு 17 யூரோ. வி.ஓ.ஆர்.எஸ்னு முத்திரை போட்ட பழைய ஒயின் 500 மில்லி ரெண்டு, ஒண்ணு 79 யூரோ. க்ரீம் ஷெர்ரி ரெண்டு, ஒண்ணு 13 யூரோ. மொத்தம் 252 யூரோ. அத ரெண்டு பையில போட்டு நாப்பது டிகிரி வெயில்ல நடந்து தூக்கிட்டு வந்தேன்.

இப்போ தெரிஞ்ச கணக்க சொல்றேன், இத மட்டும் யாராவது அன்னைக்கு சொல்லியிருந்தா 150 யூரோவுக்கு மேல மிச்சமாயிருக்கும். ஆளுக்கு அரை பாட்டில்ங்கிறது சாப்பாட்டோட குடிக்கிற சாதா ஒயினுக்கான கணக்கு. பே எக்கிஸ் அப்படி குடிக்கிற பொருளே இல்ல. ஆளுக்கு 50 மில்லி, அதாவது ஒரு சின்ன டீ கிளாஸ்ல பாதி, அவ்வளவுதான். பதினாலு பேருக்கு 700 மில்லி. ஒரே ஒரு பாட்டில்! அன்னைக்கு ராத்திரி நெசமாவே காலியானதும் அந்த அளவுதான். ஏன் அவ்வளவு கம்மின்னா அதுல இருக்கிற சர்க்கரை. பே எக்கிஸ்னு லேபிள் ஒட்டணும்னா ஒரு லிட்டருக்கு கொறஞ்சது 212 கிராம் சர்க்கரை இருக்கணும்ங்கிறது ஹெரெஸ் ஒயின் வாரியத்தோட விதி, ஆனா கடையில இருக்கிறதுல பலதும் 400 கிராமுக்கும் மேல. 400னே வச்சுக்கிட்டா 50 மில்லில 20 கிராம், அஞ்சு ஸ்பூன் சக்கரை. அதுக்கு மேல 15லருந்து 22 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால் வேற. இனிப்பு நாக்குல அந்த ஆல்கஹால மறைச்சிடும், எவ்வளவு உள்ள போச்சுன்னு குடிக்கிறவங்களுக்கே தெரியாது.

விருந்து எங்க அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில. ராத்திரி ஒம்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது, சூடும் எறங்கல. நான் காலையிலயே பாட்டில்களை மேல கொண்டுபோயி மேசைல வரிசையா அடுக்கி வச்சுட்டேன், பாக்க அழகா இருக்கும்னு. ரெட் ஒயினெல்லாம் குளுர வைக்கக் கூடாதுன்னு எங்கயோ கேட்ட ஞாபகம், இதுவும் கருப்பா இருக்கே, அப்போ இதுவும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன். விருந்தாளிங்க வந்ததும் மொதல்ல எல்லாருக்கும் இத ஊத்திக் குடுத்தேன். அது எனக்கு யோசிக்காமலே கையில வந்த வேலை. நம்ம வீட்டுல விசேஷம்னா இலையில மொதல்ல இனிப்பு வைப்போம், ஒரு விரல் தொட்டு நாக்குல வச்சுட்டுத்தானே மத்ததெல்லாம். நல்ல நாள் இனிப்போட தொடங்கணும்ங்கிறது ரத்தத்துல ஊறின பழக்கம். ஆனா ஷெர்ரி மேசைல அந்த வரிசை அப்படியே தலகீழ்னு எனக்கு யாரும் சொல்லல.

என்ன ஆச்சுன்னா, முப்பத்தஞ்சு டிகிரி சூட்டுல நின்ன ஒயின், குட்டி குட்டி ஷாட் கிளாஸ்ல விளிம்பு வரைக்கும். மூக்குக்கிட்ட கொண்டுபோனா ஸ்பிரிட் வாடைதான் குப்புன்னு ஏறுது, வாயில வச்சா கொதிக்க வச்ச பாகு மாதிரி பல்லுல ஒட்டுது. எல்லாரும் மரியாதைக்கு ரெண்டு மடக்கு குடிச்சாங்க. அப்புறம் லேப்ல கூட வேலை பாக்குற ஒரு அக்கா (அக்கான்னு நான் மனசுக்குள்ள கூப்பிடுறதுதான், அவங்க செவியாக்காரங்க) அவங்க கொண்டுவந்த ஃபினோவ தொறந்தாங்க. ஃபினோவும் ஷெர்ரிதான், ஆனா வெளிர் மஞ்சள்ல சுத்தமா இனிப்பே இல்லாதது, லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைகூட தேறாது. வாயெல்லாம் பாகா இருக்கிறப்போ அது மேல ஃபினோ போனா எப்படி இருக்கும்? புளிச்ச தண்ணி மாதிரி இருந்துச்சு. அவங்க முகம் சுருங்குனத நான் பாத்தேன். என் வெங்காய பஜ்ஜி, மிளகு போட்ட கோழி வறுவல், எதுலயும் ருசி எடுபடல. இனிப்புக்கு அப்புறம் உப்பும் காரமும் வெறும் எரிச்சலாத்தான் தெரிஞ்சது, ஆல்கஹால் காரத்த இன்னும் தூக்கி விட்டுச்சு. நாலு மணி நேரம் சமைச்சது.

ஒரு விஷயத்த நெனச்சா இப்பவும் பயமா இருக்கு. வந்தவங்கள்ல ஒருத்தருக்கு சுகர் இருக்கு. நான் குடுத்தத வாங்கி மறுக்காம ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டார், அப்புறம்தான் அவர் மனைவி எங்கிட்ட தனியா வந்து இதுல எவ்வளவு சர்க்கரைன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. நல்லவேளையா ஒண்ணும் ஆகல. ஆனா தயவுசெஞ்சு இத ஊத்துறதுக்கு முன்னாடி இது ரொம்ப இனிப்பு, சுகர் இருக்கிறவங்க பாத்துக்கோங்கன்னு வாய விட்டு சொல்லிடுங்க. பாயசம்னா பாத்ததும் தெரியும், ஒயின்னா யாருக்கும் தோணாது.

கடைசில குலாப் ஜாமூன் வச்சேன், அதோட க்ரீம் ஷெர்ரி. க்ரீம்னா ஏதோ பால் சேத்த மென்மையான ஒண்ணுன்னு நம்பிட்டேன். அதுல ஒரு சொட்டு பால் கிடையாது. ஒலோரோசோன்னு ஒரு வகை, இனிப்பில்லாத, வால்நட் வாசனை அடிக்கிற கனமான ஷெர்ரி, அதோட பே எக்கிஸ் மாதிரி இனிப்பு ஒயின கலந்தா அது க்ரீம். சர்க்கரை லிட்டருக்கு 115லருந்து 140 கிராம் வரைக்கும்தான். ஜாமூன் பாகுல ஊறி நிக்குது, அத ஒரு வாய் தின்னுட்டு க்ரீம குடிச்சா இனிப்பு மொத்தமும் காணாமப் போயி புளிப்பும் ஆல்கஹாலும் மட்டும் நிக்குது. எங்கயும் பொருந்துற ஒரே விதி இதுதான்: பலகாரத்தவிட ஒயின் இனிப்பா இருக்கணும், இல்லன்னா ஒயின் செத்துடும். சரி, அப்போ ஜாமூனோட பே எக்கிஸ் குடுத்திருந்தா சரியா போயிருக்குமான்னா அதுவும் இல்ல, பாகு மேல பாகு, ரெண்டாவது வாய்க்கு மேல யாராலயும் முடியாது. பின்னாடி வீட்டுல தனியா செஞ்சு பாத்துட்டேன்.

ப்ரொஃபசர் கடைசி வரைக்கும் சிரிச்ச முகமாத்தான் இருந்தார், என்னைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போனார். எல்லாரும் போனப்புறம் பாத்திரம் எடுக்கறப்போ துளசித் தொட்டிக்குப் பின்னால அவரோட கிளாஸ் இருந்தது, அப்படியே நெறைஞ்சு. எறும்பு மொச்சிருந்தது. அவர் ஊரு ஒயின், அவராலயே குடிக்க முடியல, என் மனசு நோகக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சிருக்கார். அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியிலயே உக்காந்து அழுதேன். யாருக்கு ஃபோன் பண்ணி சொல்ல? அம்மாகிட்ட ஒயின்னு ஆரம்பிக்கவே முடியாது.

அடுத்த நாள் இன்னொரு நஷ்டம். தொறந்து வச்ச ரெண்டு வி.ஓ.ஆர்.எஸ் பாட்டில்லயும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. சாச்சுப் பாத்தா அடியில கருப்பா மண்டி, கண்ணாடிச் சில்லு மாதிரி பொடிப்பொடியா ஏதோ. கெட்டுப் போச்சுன்னு ரெண்டையும் சிங்க்ல ஊத்திட்டேன். 79 யூரோ பாட்டில் ரெண்டு! முப்பது வருஷம் மரப் பீப்பாயில கெடந்த ஒயின்ல மண்டி படியறது இயல்பு, அந்தப் பொடி உப்புப் படிகம், ஒரு கெடுதலும் இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. மண்டி இருந்தா பாட்டில அரை நாள் நிமித்தி வச்சு, ஆடாம சாச்சு, கடைசி ரெண்டு ஸ்பூன விட்டுட்டு ஊத்துனா போதும். தொறந்த பே எக்கிஸ மூடி போட்டு வெயில் படாம நிமித்தி வச்சா ஒண்ணு ரெண்டு மாசம் நல்லாவே தாங்கும், சர்க்கரையும் ஆல்கஹாலும் அத காப்பாத்தும். க்ரீமும் சில வாரம் நிக்கும். ஃபினோதான் ஃப்ரிட்ஜ்ல வச்சும் ஒரு வாரத்துல சோர்ந்துடும். அதனால மீந்துபோச்சேன்னு அவசரப்பட்டு எதையும் கொட்டாதீங்க.

மிச்சமிருந்த சாதா பாட்டில்ல ஒண்ண சமையலுக்கு எடுத்தேன். இங்க தபாஸ் (சின்னத் தட்டுல தர்ற பண்டம்) கடைகள்ல பன்னிக்கறிய பே எக்கிஸ் சாறுல போட்டுத் தருவாங்க, சொலோமிய்யோ அல் பெட்ரோ ஹிமேனெஸ்னு பேரு, எனக்கு ரொம்பப் புடிக்கும். சாதா ஒயின சுண்ட வைக்கிற மாதிரி பெரிய தீயில வச்சுட்டு வெங்காயம் நறுக்கப் போனேன், ரெண்டு நிமிஷம்தான், திரும்பிப் பாத்தா தீஞ்சு சட்டியோட ஒட்டிக்கிச்சு. மூணுல ஒரு பங்குக்கு மேல சர்க்கரையா இருக்கிற திரவத்த சுண்ட வைக்க என்ன இருக்கு, அது ஏற்கனவே சுண்டினதுதான். கறி வெந்து வெங்காயம் வதங்குனப்புறம், கடைசில, சிறு தீயில, கொஞ்சம் சூப் தண்ணியோட கால் டம்ளர் விட்டு ரெண்டு கொதி வந்தா போதும். உப்பு வழக்கத்தவிட ஒரு சிட்டிகை கூடுதலா வேணும்.

இதுக்கெல்லாம் அப்புறம்தான் எனக்கு ஒரு வைராக்கியம் வந்துச்சு. இது என்னன்னு தெரிஞ்சுக்காம விடக் கூடாதுன்னு செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை தனியா ரயிலேறி ஹெரெஸ் போனேன், செவியாவுலருந்து ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. அங்க ஒயின் முதிர வைக்கிற கட்டடத்த பொதேகான்னு சொல்லுவாங்க. உள்ள நுழைஞ்சதும் நான் கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டேன். கோயில் மண்டபம் மாதிரி ஒசரமான கூரை, ஜன்னல்ல கோரைப் பாய் தொங்குது, தரையில மஞ்ச மண்ணு, அதுல தண்ணி தெளிச்சு வச்சிருக்காங்க, அந்த ஈர வாசனையும் மர வாசனையும் கலந்து குளுகுளுன்னு இருக்கு. கருப்புச் சாயம் பூசின பெரிய பெரிய பீப்பாய்ங்க, ஒண்ணு 600 லிட்டர் புடிக்கும், அடுக்கடுக்கா. கீழ் வரிசை சொலேரா, அதுலதான் பழசு. பாட்டிலுக்கு எடுக்கறது அதுலருந்துதான், அதுவும் கொஞ்சமா. எடுத்த அளவுக்கு மேல் வரிசையிலருந்து நிரப்புவாங்க, அதுக்கு அதுக்கும் மேலருந்து. அதனால ஒரு பாட்டில்ல இத்தனாம் வருஷத்து ஒயின்னு சொல்ல முடியாது, பழசும் புதுசும் கலந்துதான் இருக்கும். வி.ஓ.ஆர்.எஸ்ங்கிற முத்திரை சராசரியா 30 வருஷத்துக்கு மேல, வி.ஓ.எஸ் 20க்கு மேல, 2000ல கொண்டுவந்த முறை.

இன்னொன்னு என்னை அசர வச்சது. அவ்வளவு கருப்பா இருக்கிற ஒயின் வெள்ளைத் திராட்சையிலருந்து வருது! பெட்ரோ ஹிமேனெஸ்ங்கிறது திராட்சையோட பேர்தான். அதுல பெரும்பங்கு வெளையறது ஹெரெஸ்ல இல்ல, உள்நாட்டுல கோர்தோபா பக்கம் மொந்தில்லா மொரிலெஸ்ல, ஹெரெஸ் பொதேகாக்கள் அங்கருந்து வாங்கிக்க அனுமதி இருக்கு. ஆகஸ்ட் வெயில்ல பறிச்ச திராட்சைக் குலைகளை பாய் மேல பரப்பி, கையால திருப்பித் திருப்பிப் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் காய வைப்பாங்க, நம்ம வீட்டுல வத்தல் வடகம் காயப் போடுற மாதிரியேதான். பாதி சுருங்கினப்புறம் புழிஞ்சா பாகு மாதிரி கொஞ்சமா சாறு எறங்கும். கொஞ்சம் நொதிக்க விட்டு, திராட்சை ஸ்பிரிட் சேத்து நொதிப்ப நிறுத்திடுவாங்க, சர்க்கரை அப்படியே தங்கிடும். வெளியிலருந்து சர்க்கரை கலக்கறது இல்ல. வெயில்ல காய வச்சதும் பீப்பாயில காத்து பட்டுக் கெடந்த வருஷங்களும்தான் அந்தக் கருப்பு. இதெல்லாம் கேட்டப்போ நான் சிங்க்ல ஊத்துனது என்னன்னு புரிஞ்சு மனசு வலிச்சது.

டூரோட கடைசில ஆறு வகை ஷெர்ரிய ஆறு கிளாஸ்ல வச்சாங்க, 30 யூரோ டிக்கெட். வரிசை இதுதான்: ஃபினோ, அமொந்தில்லாதோ, பாலோ கொர்தாதோ, ஒலோரோசோ, க்ரீம், கடைசில பே எக்கிஸ். இனிப்பில்லாததுலருந்து இனிப்புக்கு, லேசானதுலருந்து கனத்துக்கு. ருசி பாக்கறதுன்னா முழுங்கணும்னு நெனச்சு நான் ஆறையும் காலி பண்ணிட்டேன், காலையில ஒரு காபியோட கெளம்புனவ. எல்லாத்துலயும் ஆல்கஹால் 15 சதவீதம், இல்லன்னா அதுக்கும் மேல. வெளிய வந்ததும் வெயில் மண்டையில எறங்குச்சு, ஸ்டேஷன் வரைக்கும் சுவத்தப் புடிச்சுட்டு நடந்தேன். அந்த ஸ்டேஷன்ல ஓடு பதிச்ச சுவரெல்லாம் அவ்வளவு அழகு, எனக்கு எல்லாமே சுத்துச்சு. பெஞ்சுல உக்காந்தவ கண் இருட்டி எவ்வளவு நேரம் போச்சுன்னே தெரியல, என் ரயில் போயிடுச்சு. தெரியாத ஊர்ல தனியா ஒரு பொண்ணு, போதையில, ஃபோன்ல பத்து சதவீதம் சார்ஜ். அந்த பயம் இருக்கே, அத வார்த்தையில சொல்ல முடியாது. அன்னைக்கு ராத்திரி ரயிலேற தைரியம் வரல, பக்கத்துல ஒரு ஹாஸ்டல்ல 48 யூரோ குடுத்துப் படுத்தேன். ஒயின் ருசி பாக்கப் போறீங்கன்னா முன்னாடியே நல்லா சாப்ட்டுடுங்க, வாயில சுத்தி ருசி பாத்துட்டு துப்பறதுக்கு பாத்திரம் கேளுங்க, அது அங்க அவமரியாதை இல்ல, தொழில்ல இருக்கிறவங்க எல்லாருமே துப்பறவங்கதான். ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவுல தண்ணி. திரும்பற ரயில் டிக்கெட்ட மூணு மணி நேரம் தள்ளிப் போடுங்க, தனியா போனா தங்குற எடத்தோட விலாசம் ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க.

மறுநாள் மத்தியானம் ஒரு தபாங்கோவுக்குப் போனேன். தபாங்கோன்னா ஹெரெஸ்ல பீப்பாயிலருந்தே ஊத்தித் தர்ற பழைய காலத்து ஒயின் கடை, சாயங்காலமானா ஃப்ளமெங்கோ பாடுவாங்க. எழுபது வயசு இருக்கும் ஒருத்தர், கவுன்டருக்கு இந்தப் பக்கம் எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தார். என்னமோ அவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன், விருந்து, தொட்டிக்குப் பின்னால இருந்த கிளாஸ், சிங்க், எல்லாம். அவர் பொறுமையா கேட்டுட்டு, “அழாத இஹா, உன்மேல தப்பில்ல, உனக்கு யாரும் ஊத்திக் காட்டல”ன்னார். இஹான்னா அவங்க பாஷைல மகளேன்னு. பே எக்கிஸ் ஒண்ணு வாங்கி, சாதா வெள்ளை ஒயின் கிளாஸ்ல ரெண்டு விரல் உயரத்துக்கு ஊத்தச் சொன்னார். சின்ன கிளாஸ் வேண்டாம், மூக்கு உள்ள போகணும்னார். லேசா குளுந்திருந்தது. கிளாஸ சாச்சுச் சுத்துனார், உள்பக்கம் பூரா பழுப்பா ஒரு படலம் ஒட்டி, மெதுவா, ரொம்ப மெதுவா வழிஞ்சு எறங்குச்சு, விளக்கெண்ணெய் எறங்கற மாதிரி. அப்புறம் அந்த ஒயின அவரோட கிளாஸ்ல ஊத்திக்கிட்டு வெறும் கிளாஸ எங்கிட்ட நீட்டி, இப்போ மோந்து பாருன்னார். மொதல்ல உலர் திராட்சை, பேரீச்சம்பழம், அத்திப்பழம். கொஞ்சம் விட்டுத் திரும்ப மோந்தா காபித் தூள் டப்பாவத் தொறந்த வாசனை. மூணாவது தடவ எனக்கு கருப்பட்டி காய்ச்சற வாசனை வந்துச்சு, எங்க பாட்டி வீட்டு அடுப்படி. அத அவருக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். “ஒண்ணு தெரிஞ்ச வாசனை வந்துச்சா? அது போதும்”ன்னார்.

அப்புறம் ஒரு வாய். நாக்கு நுனியில வச்சு முழுங்காம ஒரு நொடி. இனிப்பு மொதல்ல வரும், அது முடிஞ்சு ஓரத்துல ஒரு புளிப்பு, கடைசில லேசான கசப்பு. நல்ல பே எக்கிஸுக்கும் வெறும் பாகுக்கும் வித்தியாசம் அந்தக் கடைசி ரெண்டுலதான் இருக்குன்னார், அது இல்லன்னா காசு குடுக்காதன்னார். எனக்கு மொட்டை மாடி ஒயின்ல அது தெரியவே இல்ல, ஏன்னா சூட்டுல இனிப்பும் ஸ்பிரிட்டும் மட்டும்தான் மேல நிக்கும். 12லருந்து 14 டிகிரி சரியான அளவு. வெயில் காலத்துல ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு ஊத்தறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்தா ஏறக்குறைய அங்க வந்து நிக்கும். க்ரீம இன்னும் கொஞ்சம் குளுந்தே குடிக்கலாம், ஒரு ஐஸ் கட்டியும் ஆரஞ்சுத் துண்டும் போட்டுக் குடிக்கறவங்களும் உண்டு, எனக்கு அது ரொம்பப் புடிச்சது.

எதோட சாப்பிடறதுங்கிறது அதுக்கப்புறம் அஞ்சாறு மாசம் வீட்டுல செஞ்சு பாத்தது. இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழமொழி இருக்கு: நீந்தறதுக்கு ஃபினோ, பறக்கறதுக்கு அமொந்தில்லாதோ, ஓடறதுக்கு ஒலோரோசோ. மீன், கோழி, ஆட்டுக்கறின்னு அர்த்தம். அதுல பே எக்கிஸுக்கு எடமே இல்ல பாத்தீங்களா, ஏன்னா அது சாப்பாடு முடிஞ்சப்புறம் வர்றது. அதுக்குச் சரியான ஜோடி இன்னொரு இனிப்பு இல்ல, உப்பும் கசப்பும்தான். அஸ்தூரியாஸ் மலைக் குகைகள்ல முதிர வைக்கிற கப்ராலெஸ்ங்கிற நீலப் பூஞ்சை சீஸ் இருக்கு, தனியா தின்னா உப்பும் காட்டமும் சேந்து கண்ணுல தண்ணி வரும். நகம் அளவு கிள்ளி வாயில போட்டு அது கரையறப்போ ஒரு சின்ன மடக்கு பே எக்கிஸ் விட்டா, ரெண்டோட முரட்டுத்தனமும் ஒரே நேரத்துல அடங்கிடுது. நான் மொத தடவ அத செஞ்சப்போ நின்ன எடத்துலயே கொஞ்ச நேரம் நின்னேன். கப்ராலெஸ் கெடைக்கலன்னா எந்த நீல சீஸும் சரி. காதிஸ் மலைப்பக்கத்து பயோயோ ஆட்டுச் சீஸ் நல்லா முதிர்ந்ததா இருந்தா க்ரீமோட போகும்.

சாக்லேட்னா 70 சதவீதத்துக்கு மேல கசப்பா இருக்கணும், பால் சாக்லேட் வேண்டவே வேண்டாம். வெண்ணிலா ஐஸ்க்ரீம் மேல ஒரு ஸ்பூன் ஊத்தறது இங்க வீட்டுக்கு வீடு செய்யறது, ஐஸ்க்ரீம் குளுர்ச்சி இனிப்ப மட்டுப்படுத்தும், அதோட ரெண்டு வறுத்த பாதாம் உடைச்சுப் போட்டா இன்னும் விசேஷம், பத்து பேருக்கு 150 மில்லி போதும். சக்கரை போடாத கடுங்காபியோட நல்லா இருக்கும். நம்ம பக்கத்துல உப்பு போட்டு வறுத்த முந்திரி பிரமாதம். கேசரி, ஜாமூன், கடலை மிட்டாய் எதுவும் ஒத்துக்கல, நான் மனசார முயற்சி பண்ணிட்டேன். தொசீனோ தெ சியேலோன்னு ஹெரெஸ் ஊரோட சொந்தப் பலகாரம் ஒண்ணு, முட்டை மஞ்சக்கருவும் சக்கரையும் மட்டும். ஒயின தெளிய வைக்க முட்டை வெள்ளைய எடுத்துக்கிட்டு மிஞ்சின மஞ்சக்கருவ பொதேகாக்காரங்க கன்னியாஸ்திரி மடங்களுக்குக் குடுக்க, அவங்க கண்டுபிடிச்சதுன்னு சொல்லுவாங்க. ருசியா இருக்கும், ஆனா பே எக்கிஸோட சேத்தா எனக்கு திகட்டிடுச்சு, தனித்தனியா சாப்பிடுங்க.

கடையில வாங்கறப்போ லேபிள்ல ரெண்டு மூணு விஷயம் பாருங்க. ஒலோரோசோன்னு மட்டும் போட்டிருந்தா அது இனிப்பு இல்ல. பெட்ரோ ஹிமேனெஸ், மொஸ்கத்தேல் ரெண்டும் நல்ல இனிப்பு, மொஸ்கத்தேல்ல ஆரஞ்சுப் பூ வாசனை தூக்கலா இருக்கும், மொத தடவ குடிக்கறவங்களுக்கு அது இன்னும் சுலபமா புடிக்கும்ங்கிறது என் அபிப்பிராயம். வினாக்ரேன்னு எழுதியிருந்தா அது காடி, அதாவது வினிகர், பே எக்கிஸ் காடின்னே தனியா விக்கறாங்க, பாட்டில் பாக்க ஒரே மாதிரி இருக்கும். மொதல்ல வி.ஓ.ஆர்.எஸ் வாங்காதீங்க, அது அவ்வளவு செறிவு, கசப்பு தூக்கலா இருக்கும், பழக்கமில்லாதவங்களுக்கு அதோட அருமை தெரியாது. 375 இல்லன்னா 500 மில்லில சாதா பாட்டில் ஒண்ணு வாங்கி, நாலு பேரு ஒரு தடவ குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் மேல போங்க. எனக்கு விருந்து, கொட்டுனது, ஹெரெஸ் போக்குவரத்து, ஹாஸ்டல், எல்லாம் சேத்து நானூறு யூரோவுக்குப் பக்கத்துல போச்சு, என் ரூம் வாடகை ஒரு மாசத்துக்கு அவ்வளவுதான்.

ஜனவரில ப்ரொஃபசரையும் அவர் வீட்டம்மாவையும் திரும்பக் கூப்பிட்டேன். அந்த செவியா அக்காவும் வந்தாங்க. நாலே பேரு. மொதல்ல ஃபினோ, வறுத்த பாதாமும் மீன் வறுவலும். அப்புறம் சாப்பாடு, அப்போ வெறும் தண்ணிதான் வச்சேன். தட்டெல்லாம் எடுத்து மேசையத் தொடச்சுட்டு, கப்ராலெஸ் ஒரு துண்டு, கருப்பு சாக்லேட் உடைச்சு ஒரு கிண்ணம், ஜூன்லருந்து தொறக்காம இருந்த 17 யூரோ பாட்டில்ல ஒண்ணு. கால் மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து வச்சது. ஆளுக்கு ரெண்டு விரல் உயரம். ப்ரொஃபசர் கிளாஸ சாச்சு வெளிச்சத்துல பாத்தார், மோந்தார், ஒண்ணும் பேசல. சீஸ கிள்ளி வாயில போட்டு ஒரு மடக்கு குடிச்சிட்டு கண்ண மூடிக்கிட்டார். அப்புறம் அவங்க தாத்தா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ரொட்டித் துண்ட இதுல தோச்சுத் தருவார்னு சொல்ல ஆரம்பிச்சவர், பாதியில நிறுத்திட்டார். அவர் மனைவி அவர் கைய புடிச்சுக்கிட்டாங்க. நான் பாட்டில எடுத்தேன், “இன்னும் கொஞ்சம்?”னு கேட்டேன். கிளாஸ நீட்டினார்.